வர்க்கி வரியும் ரோஸ் கலர் மங்கி கேப்பும்: எங்கள் ஆபீசின் கோடிங் விதிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில், ஒரு மளிகைக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது எங்கள் ஆபீஸ். மொத்தம் ஒன்பது பேர். சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கும் ஃபேக்டரிகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதித் தருகிறோம். யார் எத்தனை கிலோ கொழுந்து போட்டார், மழை இலைக்கு எவ்வளவு கழிவு, மாசக் கடைசியில் எவ்வளவு பட்டுவாடா என்கிற வேலை. புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரும் முதல் வாரத்திலேயே என் மேசைக்கு வந்துவிடுவார்கள். சுவரில் தொங்கும் ரோஸ் கலர் மங்கி கேப்பை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. அப்புறம் அதே கேள்விகள். பதில் சொல்லி முடிப்பதற்குள் என் டீ ஆறிப்போகிறது. குன்னூரில் டீ ஆற மூன்று நிமிஷம் போதும். அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

"அக்கா, கோட் ஓடுதுல்ல? அப்புறம் எதுக்கு ஸ்டாண்டர்டு?"

எங்கள் பழைய நிரல் ஒன்றில் 'டி2' என்று ஒரு மாறி, அதாவது ஒரு மதிப்பைப் போட்டு வைக்கும் பெயர், இருந்தது. மேலே அது சாக்கோடு சேர்த்து நிறுத்த எடை. நாற்பது வரி தள்ளி அதே 'டி2'தான் மழை இலைக்கான கழிவு சதவீதம். எழுதியவருக்கு அன்றைக்கு எல்லாம் புரிந்துதான் இருக்கும். ஆறு மாசம் கழித்து வேறொருவர் நடுவில் ஒரே ஒரு வரி சேர்த்தார். கோட் நன்றாகவே ஓடியது. அந்த மாசம் மழை நாளில் இலை போட்டவர்களுக்கு மட்டும் பணம் கொஞ்சம் குறைந்தது.

கண்டுபிடித்தது நாங்கள் இல்லை. ஒரு பெரியவர் கோட்டுப் பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். தேதி, கிலோ, கழிவு, எல்லாம் பென்சிலில், பத்தி பிரித்து எழுதியிருந்தார். "ஏழு ரூபா இடிக்குது, பாருங்கம்மா" என்றார். அந்த ஏழு ரூபாயைத் தேட எங்களுக்கு இரண்டு நாள் ஆனது. அவர் நோட்டில் எந்தப் பத்தியில் எது இருக்கிறது என்று பார்த்த உடனே புரிந்தது. எங்கள் கோடில் புரியவில்லை.

பெரிய இடத்திலும் இது நடக்கும். ஆப்பிளின் பாதுகாப்பு நிரலில் 'கோட்டூ ஃபெயில்' (தோல்விப் பகுதிக்குத் தாவு) என்ற வரி அடுத்தடுத்து இரண்டு தடவை விழுந்திருந்தது 2014 பிப்ரவரியில் வெளியே தெரிந்தது. 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்கிற இஃப்புக்குப் பிராக்கெட் போடாததால் இரண்டாவது வரி நிபந்தனைக்குக் கட்டுப்படாமல் எப்போதும் ஓடியது. சர்வரின் கையெழுத்தைச் சரிபார்க்கும் பகுதி அப்படியே தாண்டிப் போயிற்று. இரண்டு வரியும் ஒரே அளவு உள்ளே தள்ளி இருந்ததால் கண்ணுக்குத் தப்பாகவே தெரியாது. நம் ஜாவாஸ்கிரிப்டில் ஒரு வரி இஃப்புக்குக்கூட பிராக்கெட் கேட்டு நான் உயிரை வாங்குவது இதனால்தான்.

"சரி, விதி வேணும். அதுல காமெடி எதுக்கு? ஒரு மெயில் போட்டா ஆகாதா?"

போட்டோம். மெயில் மட்டுமா, எங்கள் சார் பதினாலு பக்கத்தில் விதிமுறை எழுதிப் பிரின்ட் எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து அதன் ஒன்பதாம் பக்கத்தில் யாரோ எங்கள் ஊர் பேக்கரி தின்பண்டமான வர்க்கியை மடித்து வைத்திருந்ததைப் பார்த்தேன். அந்தப் பக்கத்துக்கு அதுதான் முதல் பயன்.

திட்டியும் பார்த்தோம். திட்டு வாங்குகிறவர் தப்பை விடுவதில்லை, தப்பு தெரியாமல் பார்த்துக்கொள்கிறார். வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு, எல்லோரும் பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகு, சத்தமில்லாமல் கோடைச் சேர்த்துவிட்டுப் போவார். சிரிக்க விட்டால் "நான்தான் பண்ணேன்" என்று அவரே வாய்விட்டுச் சொல்வார். எங்களுக்கு வேண்டியது அந்த ஒரு வாக்கியம்தான்.

"வர்க்கி வரின்னா என்ன? எவ்வளவு கட்டணும்?"

பொது கோடைச் சேர்த்து ஓட்டும்போது உங்கள் மாற்றத்தால் அது உடைந்தால், அன்று மாலை டீக்கு நீங்கள் வர்க்கி வாங்க வேண்டும். கால் கிலோ. பேக்கரியில் சூடாக வாங்கியதாக இருக்க வேண்டும். பாக்கெட்டில் அடைத்த பிஸ்கட் கொண்டுவந்தால் வரி கட்டியதாகக் கணக்கில் வராது. ஒரு நாளைக்கு ஒரு வரிதான். அதே நாளில் நாலு தடவை உடைத்தாலும் கால் கிலோதான். மனிதாபிமானம் என்று ஒன்று இருக்கிறது.

வரிவிலக்கும் உண்டு. மழையில் மரம் விழுந்து கேபிள் அறுந்து, பாதி ஏறிய நிலையில் நெட் போயிருந்தால் மன்னிப்பு. ஆனால் கேபிள் அறுந்ததற்குச் சாட்சி வேண்டும். ஜூலையில் எல்லோருக்கும் எப்படியோ கேபிள் அறுந்துவிடுகிறது.

"அந்த மங்கி கேப்?"

பழைய விதி இதுதான்: எச்சரிக்கையைப் பார்த்த பிறகும், சோதனையைத் தாண்டிப் போகும் 'நோ-வெரிஃபை' போட்டு கோடை உள்ளே தள்ளியவர், அடுத்த ஆள் மாட்டும் வரை கேப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். சாம்பல் நிறக் கேப். டிசம்பர் வந்தது. காலையில் புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்கிற குளிரில், கேப் வேண்டுமென்றே இரண்டு பேர் 'நோ-வெரிஃபை' போட ஆரம்பித்தார்கள். தண்டனை சலுகையாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் ரோஸ் கலர். உச்சியில் குஞ்சம் வேறு. இதை யாரும் வேண்டி மாட்டுவதில்லை. வீடியோ காலில் கேப் போட வேண்டியதில்லை. வேண்டாம் என்பவரை யாரும் கட்டாயப்படுத்தவும் மாட்டோம். அவர் பதிலுக்கு அரை கிலோ வர்க்கி வாங்கினால் தீர்ந்தது.

"என் ஸ்கிரீன்ல 'கொண்டை ஊசி வளைவு 5, ஒலி எழுப்பவும்'னு வருதே, அது என்ன?"

இஃப்புக்குள் இஃப், அதற்குள் லூப், அதற்குள் இன்னொரு இஃப் என்று போயிருப்பீர்கள். மூன்று வளைவு வரை எங்கள் சோதனை நிரல் சும்மா இருக்கும். நாலாவதிலிருந்து மலைப்பாதைப் பலகை மாதிரி எண் போட்டு எச்சரிக்கும். ஏழைத் தாண்டினால் "கல்லட்டி வரவேற்கிறது" என்று வரும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி பாதையில் 36 வளைவு. உங்கள் ஃபங்ஷனுக்கு அத்தனை தேவையில்லை.

தப்பிக்கிற வழி சுலபம். தப்பான நிலவரங்களை மேலேயே பார்த்து, "இலை எடை பூஜ்யமா? இங்கேயே திரும்பிப் போ" என்று வெளியே அனுப்பிவிடுங்கள். மிச்சம் நேர் ரோடு.

இப்படிச் சோதிக்கும் நிரல்களுக்கு 'லின்ட்' என்று பொதுப்பெயர். 1978-ல் பெல் லேப்ஸில் ஸ்டீபன் ஜான்சன் சி மொழிக்காக எழுதிய நிரலின் பெயர் அது. துணியில் ஒட்டும் பஞ்சுத்துகள் என்று அர்த்தம். ஸ்வெட்டர் போட்டே வாழ்கிற ஊரில் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

"டீ டைம்ல ஏன் கமிட் மெசேஜைச் சத்தமா படிக்கிறீங்க? மானம் போகுது."

அதற்காகத்தான். கமிட் மெசேஜ் என்பது கோடைச் சேர்க்கும்போது என்ன மாற்றினோம் என்று எழுதும் குறிப்பு. மாலை நாலரைக்கு டெஸ்டிங் பார்க்கும் அக்கா பழைய ரேடியோ குரலில் "செய்திகள்" என்று ஆரம்பிப்பார். "சரி செய்தேன். மறுபடி சரி செய்தேன். இப்போது நிஜமாகவே சரி. கடவுளே ஓடு." இவை நாலும் ஒரே மத்தியானம் ஒரே ஆள் எழுதியவை. ஆள் பெயரை வாசிப்பதில்லை. சிரிப்பு அடங்கியதும், எழுதியவரே கையைத் தூக்கி, இந்தச் செய்தி எப்படி இருந்திருக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். "மழை இலைக் கழிவை ரூபாயாக மாற்றும் முன் முழுமையாக்கியதால் வந்த பைசா வித்தியாசம் நீக்கம்" என்று அந்தப் பையன் சொன்னபோது அக்கா அதையும் அதே ரேடியோ குரலில் திரும்ப வாசித்தார். அதற்குக் கைதட்டல்.

ஆறு மாசம் கழித்து ஒரு வரி ஏன் மாறியது என்று தேடும்போது இந்த ஒரு வாக்கியம்தான் கைகொடுக்கும். 'கடவுளே ஓடு' கைகொடுக்காது.

"டேப்பா, ஸ்பேஸா?"

வரியை உள்ளே தள்ள, ஃபார்மேட்டர் எதைச் சொல்கிறதோ அது. சேவ் பண்ணும்போது தானாக அடுக்கிவிடும். இதைப் பற்றி ஆபீஸ் நேரத்தில் இரண்டு நிமிஷத்துக்கு மேல் பேசினால் பேசிய இருவருக்கும் வர்க்கி வரி.

"ஒரு வரிக்கு இத்தனை எழுத்துதான்னு யார் முடிவு பண்ணாங்க?"

பழைய கம்ப்யூட்டருக்கு நிரல் ஏற்றிய துளை அட்டை. ஐபிஎம் 1928-ல் கொண்டுவந்த அட்டையில் 80 பத்தி. அது பிறகு டெர்மினல் திரைக்கும் வந்து, அங்கிருந்து பழக்கமாகிவிட்டது. பைத்தான் மொழியின் பெப் 8 என்ற நடை விதிமுறை 79 என்கிறது. நாங்கள் 100 வைத்திருக்கிறோம். காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. சாருடைய லேப்டாப்பில் இரண்டு ஃபைலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவ்வளவுதான் தெரியும்.

"என் ரிவ்யூவுல 'முத்தின இலை'ன்னு எழுதித் திருப்பி அனுப்பிட்டாங்க. கோட்ல தப்பு எதுவும் சொல்லலையே?"

தப்பு அளவில். இரண்டு இலை ஒரு மொட்டாகக் கிள்ளிக் கொண்டுவந்தால் ஃபேக்டரியில் முகம் மலரும். தண்டும் முற்றின இலையுமாகச் சாக்கு நிறைய ஒடித்துக் கொண்டுவந்தால் எடை இருக்கும், தரம் இருக்காது. நீங்கள் ஆயிரத்து இருநூறு வரியை ஒரே மாற்றமாக அனுப்பியிருப்பீர்கள். அதைப் படிக்கிறவர் முதல் இருநூறு வரியில் பத்துக் குறை சொல்வார், மிச்சத்துக்கு "நல்லா இருக்கு" என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போவார். பிரித்துக் கிள்ளி அனுப்புங்கள்.

"ரெண்டு பேரும் ஒரே ஃபைலைத் தொட்டுட்டா யாரு முதல்ல?"

மலைப்பாதை விதிதான்: ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். எங்கள் ஆபீசில் ஏறுகிற வண்டி என்பது ஃபேக்டரி காத்திருக்கும் பிழைத்திருத்தம். அழகுபடுத்தும் வேலை ஓரங்கட்டி நிற்கட்டும்.

"மாறிக்குத் தமிழ்ல பேர் வைக்கலாமா?"

பைத்தான் 3-ல் முடியும். ஜாவாஸ்கிரிப்டிலும் முடியும். ஆனால் எங்கள் ஆபீசில் கூடாது. காரணம் ஆங்கில மோகம் இல்லை. நாங்கள் சூடுபட்டவர்கள்.

'கொழுந்து' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 'கொ'வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறியை ஒரே எழுத்தாகப் போடலாம். அல்லது முன்னால் ஒற்றைக்கொம்பு, பின்னால் கால் என்று இரண்டாகப் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றேதான். பைத்தான் பெயர்களை ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் ஒப்பிடும், அதனால் பிழைத்தோம். ஜாவாஸ்கிரிப்ட் மாற்றாது. அதற்கு அவை இரண்டு தனித்தனி மாறிகள். இரண்டு பேர் இரண்டு கீபோர்டு மென்பொருளில் அடித்திருந்தார்கள். ஒரு முழு நாள், ஒரே மாதிரி தெரியும் இரண்டு 'கொழுந்து'களை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எந்த மொழியில் பெயர் வைத்தாலும் அலகையும் சேர்த்து வையுங்கள். வெறும் 'எடை' வேண்டாம், 'எடை கிலோ' என்று தெரியட்டும். 1999-ல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயில் தொலைந்துபோனது அலகுக் குழப்பத்தால்தான். ஒரு பக்கத்து மென்பொருள் பவுண்டு கணக்கில் கொடுத்தது, மறுபக்கம் அதை நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. எங்களிடம் செவ்வாய் இல்லை, ஏழு ரூபாய்ப் பெரியவர் இருக்கிறார். எனக்கு அவர்தான் பயம்.

"வேற எங்கயாவது இப்படி விளையாடுறாங்களா, இல்ல நம்ம ஆபீஸ் மட்டும்தானா?"

தாராளமாக. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் நடை விதிமுறையைத் திறந்தால், ஆரம்பத்திலேயே, குனு திட்டத்தின் விதிமுறையைப் பிரின்ட் எடுத்துப் படிக்காமலே கொளுத்தச் சொல்கிறார் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ். யார் எந்த வரியை எழுதினார் என்று காட்டும் 'பிளேம்' கட்டளைக்கு, கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் சப்வெர்ஷன் மென்பொருளில் 'பிரெய்ஸ்' என்றும் ஒரு பெயர் உண்டு. வேலை ஒன்றே, பழிக்கலாம், புகழலாம், உங்கள் இஷ்டம்.

எனக்குப் பிடித்தது இன்டர்கால். 1972-ல் இரண்டு மாணவர்கள் கேலிக்காகச் செய்த மொழி. அதில் கட்டளைகளுக்கு முன்னால் போதுமான தடவை 'ப்ளீஸ்' போடாவிட்டால் மரியாதை இல்லை என்று கம்பைலர் நிரலை மறுத்துவிடும். அளவுக்கு மீறிப் போட்டாலும் மறுத்துவிடும், குழைகிறீர்களாம். எங்கள் ஊரில் பெண் பார்க்க வருகிற வீட்டாரை இப்படித்தான் எடைபோடுவார்கள்.

"ஃபார்மேட்டர் ஓட்டினதுக்கு அப்புறம் எல்லா வரியும் நான் எழுதினதா காட்டுது. எல்லாத் திட்டும் எனக்கா?"

பாவம்தான். மொத்தக் கோடையும் அடுக்கும் வேலையைத் தனி கமிட்டாகச் செய்யுங்கள், அதில் வேறு எந்த மாற்றமும் கலக்காதீர்கள். பிறகு அந்தக் கமிட் எண்ணை ஒரு ஃபைலில் எழுதி, நம் கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளிடம் "பிளேம் பார்க்கும்போது இதை விட்டுவிடு" என்று சொல்லிவிடலாம். 2019-ல் வந்த 2.23 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. பழைய பாவம் பழைய ஆள் கணக்குக்கே திரும்பிவிடும்.

"பழைய மாட்யூல்ல ரெண்டாயிரத்துச் சொச்சம் எச்சரிக்கை வருது. இத்தனைக்கும் வர்க்கி வாங்கினா வீட்டை விக்கணும்."

அந்த மாட்யூலுக்கு ஆபீசில் பெயர் காட்டெருமை. நடு ரோட்டில் நிற்கும், ஹார்ன் அடித்தால் திரும்பிப் பார்க்கும். விரட்டப் போகிறவர்தான் ஆஸ்பத்திரிக்குப் போவார். அதை ஒரே வாரத்தில் சுத்தம் செய்கிறேன் என்று கிளம்பிய இரண்டு பேரை எனக்குத் தெரியும். அதில் ஒருத்தி நான்.

இப்போது செய்வது பல்சக்கர முறை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை நம் ரயில் பாதையின் நடுவில் பல் வைத்த கம்பி ஓடுகிறது. இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டே ஏறும். மெதுவாகத்தான் ஏறும், ஆனால் பின்னால் வழுக்காது. 1899-லிருந்து குன்னூருக்கு அப்படித்தான் வந்துகொண்டிருக்கிறது. அதே மாதிரி, இன்றைய எச்சரிக்கை எண்ணிக்கையை ஒரு ஃபைலில் எழுதி வைத்திருக்கிறோம். உங்கள் மாற்றத்துக்குப் பிறகு எண்ணிக்கை கூடினால் கோட் உள்ளே போகாது. குறைந்தால் புது எண் பதிவாகும், அதற்கு மேல் யாரும் போக முடியாது. அப்படியே நின்றாலும் குற்றமில்லை. பழைய எச்சரிக்கைக்கு வர்க்கி வரி கிடையாது, புதிதாக ஒன்று கூட்டினால்தான். யாரும் தனியாக உட்கார்ந்து சுத்தம் செய்யவில்லை. ஒன்றரை வருஷத்தில் பாதிக்குக் கீழே வந்துவிட்டது.

யாரும் கூப்பிடாத கோடை நீக்குவது தனி. அதற்கு மூன்று மாசத்துக்கு ஒரு கவாத்து நாள். கமென்ட் போட்டு மூடிவைத்த கோட், "பின்னால் தேவைப்படலாம்" என்று ஒதுக்கிய ஃபங்ஷன், எல்லாம் போகும். கவாத்து வெட்டிய தோட்டத்தைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு வயிறு எரியும், வெறும் குச்சியாக நிற்கும். தோட்டக்காரர்கள் கவலைப்படுவதில்லை. வெட்டியது எல்லாம் கிட்டில் பத்திரமாக இருக்கும், செடிக்கு அந்த வசதிகூட இல்லை.

"சாரே தப்புப் பண்ணா?"

முதல் ரோஸ் கலர் கேப்பை மாட்டியவர் அவர்தான். பட்டுவாடா தேதிக்கு முந்தின ராத்திரி 'நோ-வெரிஃபை' போட்டார். மறுநாள் வங்கியிலிருந்து ஒருவர் பார்க்க வந்தபோதும் கேப்பைக் கழற்றவில்லை. அந்த ஒரு நாளில் எங்கள் பதினாலு பக்க விதிமுறை செய்யாததெல்லாம் நடந்தது. மேலே இருப்பவர் தலையில் ஏறாத கேப்பைக் கீழே இருப்பவர் தலையில் வைத்தால் அதற்குப் பெயர் காமெடி இல்லை.

"யாராவது நிஜமாவே வருத்தப்பட்டிருக்காங்களா?"

ஆமாம். ஆரம்பத்தில் ஒரு பலகை வைத்திருந்தோம். ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே அந்த மாச எச்சரிக்கை எண்ணிக்கை. முதலிடத்துக்கு ஒரு காட்டெருமை படம். வரைந்தது நான், நன்றாகவே வரைந்திருந்தேன். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் மூன்று மாசம் தொடர்ந்து முதலிடம். அவனும் எங்களோடு சிரித்தான். அவனுக்குக் கொடுத்திருந்த மாட்யூல் எது என்று யாரும் யோசிக்கவில்லை. மேலே சொன்ன அதே காட்டெருமை. தொட்டாலே பழைய எச்சரிக்கையெல்லாம் அவன் கணக்கில் விழுந்தது. நாலாவது மாசம் அவன் கோட் சேர்ப்பதையே குறைத்துவிட்டான். எல்லாவற்றையும் தன் மெஷினிலேயே வைத்திருந்தான், டிஸ்க் போயிருந்தால் ஆறு வார வேலை போயிருக்கும்.

பலகையைக் கழற்றினேன். பெயர் போட்ட எண்ணிக்கை எதுவும் இப்போது ஆபீசில் இல்லை. கோடுக்குப் பட்டப்பெயர் வைக்கலாம், ஆளுக்குக் கூடாது. மாசம் ஒரு தடவை "எதை நிறுத்தலாம்?" என்று கேட்கிறேன். ஒருவர் வேண்டாம் என்றாலும் அந்த விளையாட்டு அன்றோடு முடிந்தது. ஏன் என்று கேட்பதில்லை. அந்தப் பையன் இன்னும் எங்களோடுதான் இருக்கிறான். பல்சக்கர முறையை எழுதியது அவன்தான்.

"அந்தக் காமெடி மெசேஜ் எல்லாம் தப்பித் தவறி கஸ்டமர் ஸ்கிரீன்ல வந்துட்டா?"

வந்தது. திறந்த ஃபைலையும் டேட்டாபேஸ் இணைப்பையும் மூடாமல் விடுவதை நாங்கள் 'ஜன்னல் திறந்திருக்கு' என்போம். ஜன்னலைத் திறந்து வைத்துச் சாப்பாட்டுப் பையை மேசையில் விட்டால் என்ன ஆகும் என்று குன்னூரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மூடாத இணைப்பு இருபதைத் தாண்டினால், எங்கள் மெஷினில் மட்டும், "குரங்கு உள்ளே வந்துவிட்டது, ஜன்னலை மூடவும்" என்று காட்டும்படி நான் எழுதியிருந்தேன். 'எங்கள் மெஷினில் மட்டும்' என்பதற்கான இஃப்பில் நிபந்தனையை மாற்றிப் போட்டுவிட்டேன்.

மறுநாள் காலை ஒரு ஃபேக்டரி குமாஸ்தா போன் பண்ணினார். இலை நிறுக்கும் நேரம், பின்னால் ஒரே சத்தம். "மேடம், குரங்கு உள்ள வந்திருக்குன்னு கம்ப்யூட்டர் காட்டுது. ஜன்னல் எல்லாம் சாத்திட்டோம். ஆளுங்களை விட்டு லாஃப்ட் வரைக்கும் தேடியாச்சு, ஒண்ணும் காணோம். கம்ப்யூட்டருக்கு எப்படி மேடம் தெரிஞ்சது?" என்றார், உண்மையான மரியாதையோடு.

அன்று மாலை அரை கிலோ வர்க்கி என் செலவு. கேப்பும் போட்டுக்கொண்டேன்.